இரவொளி மணல்

வௌவால் எச்சத்துக்கு எங்கள் கடையில்
இரவொளி மணல் என்று பெயர்.
மேலிருந்து நாலாம் வரிசை, ஜன்னலோர இழுப்பறை.
முகர்ந்து பார்க்காதவரை
அழகான பெயர்தான்.

செவ்வாய்தோறும் மாலையில்
நாற்பத்தொன்றாம் தடத்துப் பேருந்தை
லான்ஜோ ஆற்றுப்பாலத்தருகே ஓரங்கட்டிவிட்டு
கெங் தேஷுன் வருவார்,
சீருடையின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாமல்.
மருந்துச் சீட்டை மடித்து நீட்டுவார்.
அதன் அடிப்பக்கம் எப்போதும் கிழிந்திருக்கும்.

சாமந்தி பத்து கிராம்.
கூஜிப் பழம் பன்னிரண்டு.
வறுத்த தகரை விதை பதினைந்து.
இரவொளி மணல் ஒன்பது, துணியில் முடிந்து.
வெள்ளிக்கோலின் நுனி ஏறி இறங்கி
என் புருவ மட்டத்தில் வந்து நிற்கும்.
அவர் அதைப் பார்ப்பதுபோல் இருப்பார்.
பார்த்தது கோலையா, பின்சுவரையா,
அப்போது நான் யோசிக்கவில்லை.

"கண்ணுக்கா?" என்றேன் முதல் வாரம்.
"கொஞ்சம் எரிச்சல்."
மூன்றாம் வாரம் அவராகவே சொன்னார்:
"தெருவிளக்கைச் சுற்றி வானவில் தெரியுது.
பார்க்க நல்லாத்தான் இருக்கு."

ஐந்தாம் வாரம் மீதிச் சில்லறையை
அவர் வலக்கைப் பக்கம் வைத்தேன்.
"சில்லறை?" என்றார்.
இதோ என்றேன்.
"எங்கே?"
நாணயங்கள் அவர் முழங்கையைத்
தொட்டுக்கொண்டிருந்தன.

கடை மூடியதும் உள்ளறைக்குப் போனேன்.
வைத்தியர் லூ தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்:
"கண்ணுக்குள்ள நீர் அடைச்சு அழுத்துது.
கஷாயம் ஈரலைக் குளிர்விக்கும்.
அதை நம்பி அழுத்தத்தை விட முடியாது.
ஆஸ்பத்திரிக்குப் போ, சொட்டு மருந்தை ஒரு நாளும் விடாதேன்னு
ஒவ்வொரு சீட்டிலும் அடியில் எழுதறேனே,
நீ படிக்கறதே இல்லையா?"

ஆஸ்பத்திரியின் காகிதம்
பணிமனைக்கும் ஒரு பிரதி போகும்.
அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.
மகளுக்குச் செவிலியர் படிப்பு,
இன்னும் இரண்டு வருஷம்.

அன்றிலிருந்து அவர் பேருந்தில்தான் வீட்டுக்குப் போனேன்.
அது என் வீட்டுக்கு வழியே இல்லை.
காசுப் பெட்டிக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி
பேச்சுவாக்கில் வருவதுபோல் சொல்வேன்:
முலாம்பழ வண்டி ஒண்ணு நிக்குது.
சைக்கிள்ல ரெண்டு பேர்.
அங்கே ஒரு பையன், கையில பந்து.
அவர் எதற்கும் ம் என்றதில்லை.
பந்துக்கு மட்டும் பிரேக் பிடித்தார்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நடை.
நான் ஏறியது ஒன்றில்.

இருபது வருஷமாக கிராம் கணக்கில் வாழ்கிறவள்.
மீதிப் பதினொன்றை வைத்தபோது
கோல் நிற்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் யாரும் இல்லாத நேரம்,
பணிமனையின் எண்ணைச் சுழற்றினேன்.
என் பெயரைக் கேட்டார்கள், சொல்லவில்லை.
அவர் பெயரைச் சொன்னேன்.

இப்போது நாற்பத்தொன்றை ஓட்டுவது
வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண்.
கெங் நடந்து வருகிறார்.
சட்டைப்பையில் சொட்டு மருந்துக் குப்பி,
விழுந்துவிட்டதோ என்று அடிக்கடி தொட்டுப் பார்க்கிறார்.
பணிமனையில் சாவி எண்ணும் வேலையாம்.
பாதிச் சம்பளம்.
அழுத்தம் இறங்கியிருக்காம்;
போன பார்வை போனதுதானாம்.

"எவனோ சொல்லிக் கொடுத்துட்டான்" என்கிறார்.
"யாரா இருக்கும்?"

சீட்டு இப்போது கிழியாமல் வருகிறது.
அடி வரி வரை படிக்கிறேன்,
அவருக்குக் கேட்கும்படி படிக்கிறேன்.

சாமந்தி பத்து. கூஜி பன்னிரண்டு.
தகரை விதை சட்டியிலிருந்து இன்னும் சூடாக.
இரவொளி மணலை முடிச்சுப் போடும்போது
மெல்ல நகர்ந்து
அவருக்கு வலப்புறமாகப் போய் நின்றுகொள்கிறேன்.